துவக்குக்கு மெருகு போட்டவர்

என் கணவர் இரும்பைத் தங்கம் என்று நினைத்துவிட்டார். எல்லாக் கரைச்சலும் அதிலிருந்துதான் வந்தது. வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் விசர் என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன். இவர் ஆயுள் முழுக்க நகை செய்கிற மனிதர். கையில் எது அகப்பட்டாலும் அதைப் பளபளப்பாக்கிவிட்டுத்தான் கீழே வைப்பார். வீட்டுக் குத்துவிளக்கு, காரின் கதவுப்பிடி, என்னுடைய மூக்குக்கண்ணாடி என்று ஒன்றையும் விட்டுவைத்ததில்லை. கடைசியில் இடுப்பில் கட்டுகிற கைத்துப்பாக்கியிலும், அந்தத் துவக்கிலும், கைவைத்தார்.

சூரிச்சில் எங்களுக்கு ஒரு சின்ன நகைக்கடை இருக்கிறது. முன்பக்கம் நான் நின்று விற்பேன். திரைக்குப் பின்னால் இவர் இருந்து வேலை செய்வார். என் பெயர் சிவமலர். இவர் பெயர் ஸ்ரீஸ்கந்தராஜா. அவ்வளவு நீளமாகக் கூப்பிட ஒருவருக்கும் பொறுமை இல்லாததால் சனம் ஸ்ரீ அண்ணை என்று சொல்லும். வீடு அட்லிஸ்வில்லில். காலையில் இருவரும் ஒரே ரயிலில் போய், மாலையில் ஒரே ரயிலில் வருவோம். ஒரு நாளில் இந்த மனிதரை நான் பார்க்காத நேரம் என்று ஒன்று இல்லை. அப்படித்தான் நான் நினைத்திருந்தேன்.

எங்கள் கடையின் உயிர் கலியாண வேலையில் இருக்கிறது. சங்கிலியும் தோடும் எங்கேயும் வாங்கலாம். தாலிக்கொடி அப்படியில்லை. பொன்னுருக்கலுக்கு நகை செய்பவர் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகவேண்டும். நல்ல நேரம் பார்த்து, எல்லோர் கண்ணுக்கும் முன்னால், தாலிக்கான பொன்னை உருக்கிக் காட்டவேண்டும். செய்து முடித்த கொடியையும் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். தாலியைத் தபாலில் போட முடியாது. ஆகவே இவர் பெட்டியும் கையுமாக லோசான், இன்டர்லாக்கன் என்று மாதத்தில் ஒன்றிரண்டு தடவை வெளிக்கிடுவார்.

அப்படி லோசானுக்குப் போன ஒருநாள், நிலத்துக்கு அடியில் கார் நிறுத்துகிற இடத்தில் இரண்டு பேர் இவரைச் சுவரோடு சாய்த்து, கழுத்தில் கத்தியை வைத்து, பெட்டியைப் பறித்துக்கொண்டு போய்விட்டார்கள். உடம்பில் ஒரு கீறல் கூட இல்லை. இவர் அதைச் சிரித்துச் சிரித்துத்தான் எல்லோருக்கும் சொன்னார். “அவங்களுக்கும் கலியாணம் வந்திருக்குமாக்கும். கேட்டிருந்தால் நானே செய்து குடுத்திருப்பன்” என்பார். கோயிலில் பாதிப் பேருக்கு இந்தக் கதை பாடம். நானும் சிரித்தேன். ஒரு கிழமை முழுக்க, ஏழு நாளும், விம்மி விம்மி அழுதது நான்தான். எனக்கு இவர் ஆறுதல் சொன்னார்.

அதற்குப் பிறகுதான் துவக்கு வந்தது. துவக்குக்குப் பயந்து ஊரை விட்டு ஓடி வந்தவர், இங்கே வந்து காசு கொடுத்து ஒன்றை வாங்கினார். அது லேசில் கிடைக்கவும் இல்லை. இலங்கைப் பாஸ்போட் வைத்திருப்பவருக்கு இங்கே துவக்கு விற்க மாட்டார்கள். எங்களிடம் சுவிஸ் பாஸ்போட் இருந்தபடியால் முடிந்தது. அதை இடுப்பில் கட்டி வெளியே காவுவதற்குத் தனி அனுமதி வேண்டும். எழுத்துச் சோதனை, சுட்டுக் காட்டுகிற சோதனை, ஏன் வேண்டும் என்ற விளக்கம் என்று எல்லாம் நடந்து, நகை கொண்டுபோகிற நாட்களில் காவலாம் என்று ஐந்து வருடத்துக்கு அனுமதி கொடுத்தார்கள். வீட்டிலும் கடையிலும் அதை வைத்துப் பூட்ட இரும்புப் பெட்டி வாங்கினோம்; இரண்டுக்கும் இடையில் அது குண்டில்லாமல் இவருடைய பைக்குள் போய்வந்தது.

ஐந்து வருடத்தில் அந்தத் துவக்கு நன்றாக அடிபட்டுவிட்டது. தோலுறைக்குள் போய்வந்து வாய்ப்பக்க விளிம்புகளில் கறுப்பு தேய்ந்து வெள்ளை தெரிந்தது. கைப்பிடியின் அடியில் ஒரு பெரிய காயம் இருந்தது. அது எப்படி வந்தது என்று கேட்டால் சிரிப்பீர்கள். எங்கள் ஆட்களின் வீட்டுக்குள் சப்பாத்தோடு போக முடியுமா? வாசலில் குனிந்து சப்பாத்துக் கழற்றுகிற ஒவ்வொரு முறையும் துவக்கின் பிடி கதவு நிலையில் போய் உரசும். சுவிஸில் துவக்குக் கட்டுகிற வேறு எவருக்கும் அந்த இடத்தில் காயம் இருக்காது. இதெல்லாம் போதாதென்று, இடுப்போடு ஒட்டிக் கிடக்கிற பக்கத்தில் மண்ணிறத் துருவாகக் கறள் பூத்திருந்தது.

அனுமதி முடிகிற மாதம் வந்தது. வியாழக்கிழமை மறுபடி சோதனை. அடுத்த ஞாயிறு இன்டர்லாக்கனில் பொன்னுருக்கல். அங்கே ஹோட்டல் சமையலறையில் வேலை செய்கிற இந்திரா அக்காவின் மகன் பிரவீனனுக்குக் கலியாணம். பெரிய வேலை. அதைச் சரியாகச் செய்தால் அவர்கள் சொந்தத்துக்குள் இன்னும் மூன்று கலியாணம் எங்களிடம் வரும் என்று இந்திரா அக்காவே சொல்லியிருந்தார். இவரோ, “பெமிற் புதுப்பிக்காமல் நான் எங்கையும் போகமாட்டன்” என்று ஒரே பிடியாக நின்றார். சரி, புதுப்பிப்பதுதானே என்றால், அதற்கும் மனிதர் வழிவிடவில்லை.

“இதை எப்பிடிப் பொலிசுக்கு முன்னாலை வைக்கிறது? பாரும், எப்பிடிக் கிடக்கெண்டு” என்று துவக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அது துவக்குத்தானே அப்பா. பொம்பிளை பாக்க வாற ஆக்களுக்கே காட்டப்போறியள்?”

“பொருளை வைச்சிருக்கத் தெரியாதவன் எண்டு நினைப்பினம்.”

“சுடுதோ இல்லையோ எண்டுதான் அவையள் பாப்பினம். வித்த மனுசன் அண்டைக்கே சொன்னவர்தானே? காவுற சாமான் தேயும், எண்ணெயைப் பூசிப்போட்டுப் பேசாமல் இருங்கோ எண்டு.”

“தேய்ஞ்சது பரவாயில்லை. இந்தக் கறள்...” என்று சொல்லிவிட்டு அந்த இடத்தைப் பெருவிரலால் மூடிக்கொண்டார். மூடினால் இல்லாமல் போய்விடும் என்பது போல. எனக்கு எரிச்சல் வந்தது. ஒரு நகத்தளவு கறளுக்கு இந்த மனிதர் சோறும் இறங்காமல் திரிந்தார்.

சோதனைக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை நான் முருகன் கோயிலுக்குப் போனேன். இவர், “அவசர வேலை கிடக்கு, நான் கடைக்குப் போட்டு வாறன்” என்றார். பூசை முடிந்து, இவருக்கும் கொஞ்சச் சோறு கட்டிக்கொண்டு ரயில் ஏறினேன். கடைக் கதவைத் திறக்கும்போதே மெருகு போடுகிற மெஷின் சத்தம் கேட்டது. இந்திரா அக்காவின் வேலைதான் நடக்கிறது என்று சந்தோசப்பட்டேன். திரையை விலக்கினால், துவக்கைக் கழற்றி, அதன் மேற்பாகத்தை, சுடும்போது முன்னும் பின்னும் ஓடுகிற அந்த இரும்பை, சுழல்கிற பஞ்சுச் சில்லில் பிடித்துக்கொண்டு நின்றார். முகத்திலும் கையிலும் கறுப்பு.

“ஐயோ, என்ன செய்யிறியள்!”

மெஷினை நிறுத்தினார். முகம் மலர்ந்திருந்தது. “இப்ப பாரும்” என்று துணியால் துடைத்து நீட்டினார்.

பொய் சொல்லக்கூடாது, வடிவாகத்தான் இருந்தது. வெள்ளிச் செம்பு போல என் முகம் அதில் தெரிந்தது. வாய்ப்பக்கத் தேய்வும் இல்லை, கறளும் இல்லை, பழைய கறுப்பும் இல்லை. எனக்கு இரும்பைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் கடைக்காரன் பூசித் தந்த கறுப்பை ஒருவர் முற்றாக உரித்து எடுத்தால் அது நல்லதுக்கில்லை என்று தெரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டியதில்லை.

“அந்தக் கறுப்பு எதுக்கோ இருந்திருக்குமெல்லே?”

“நிறத்துக்குத்தான். நீர் சும்மா இரும். நான் பாக்காத உலோகமே?”

அவர் பார்த்த உலோகம் தங்கம். தங்கத்துக்கு எத்தனை தரம் கறை பிடித்தாலும் சில்லில் ஒரு பிடி பிடித்தால் புதிது. அது கடைசிவரை கோபிக்காது. அந்தப் பழக்கத்தில் மனிதர் சந்தோசமாகச் சோற்றைச் சாப்பிட்டார். நான் எதிரில் இருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்படியொரு பிடிவாதக்காரரோடு குடும்பம் நடத்துகிறேனே என்று என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

எங்கள் கட்டடத்தில் உடுப்புத் தோய்க்கிற அறை செவ்வாய்க்கிழமை எங்களுக்கு. அன்று பின்னேரம் இவருடைய வெள்ளைப் பெனியன்களை மெஷினுக்குள் போடும்போது பார்த்தேன். வலது இடுப்புப் பக்கம் மண்ணிறக் கறை. ஒன்றில் இல்லை, இரண்டிலும். மூக்குக்குக் கிட்டப் பிடித்தேன், இரும்பு மணத்தது. மேலே வீட்டுக்கு ஓடிப் போய்த் துவக்குப் பெட்டியைத் திறக்கச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டு திறந்தார். வெள்ளிச் செம்பு போல மின்னிய அந்த இரும்பு ஒரு பக்கம் முழுக்கச் செம்மண் பூசியது மாதிரி இருந்தது. முன்பு நகத்தளவு இருந்த கறள் இப்போது உள்ளங்கை அளவு.

“இது எப்பிடி? நீங்கள் நேற்றும் இண்டைக்கும் ஒரு வீட்டையும் போகேல்லையே. கடையிலைதானே இருந்தனியள்?”

“சோதினைக்குக் கட்டிப் பழகிப் பாத்தனான்.”

“ஐஞ்சு வருசமாக் கட்டுற உங்களுக்கு இன்னும் என்ன பழக்கம்?”

“ஏன் இப்பிடிக் குறுக்கு விசாரணை செய்யிறீர்?” என்று எரிந்து விழுந்துவிட்டு, மறுபடி துணியை எடுத்துத் தேய்க்கத் தொடங்கினார். தேய்த்த இடத்தில் மினுக்கம் வந்தது. அந்த மினுக்கத்தைப் பார்க்கப் பார்க்க எனக்குத் துணியைப் பிடுங்கி வெளியே எறியவேண்டும் போல இருந்தது.

புதன்கிழமை காலை நானே அவரை இழுத்துக்கொண்டு துவக்கு விற்ற கடைக்குப் போனேன். அந்தக் கடைக்காரர், ஹேர் என்று மரியாதை சேர்த்து நாங்கள் கூப்பிடுகிற லூஷர், கண்ணாடியைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார்.

“இதற்கு என்ன செய்தீர்கள்?”

“மெருகு போட்டேன்” என்றார் இவர், இங்கத்தைய ஜேர்மன் மொழியான டொச்சில், மெல்லமாக.

லூஷர் முதலில் நம்பரைத்தான் தேடினார். துவக்கின் பக்கத்தில் வெட்டியிருக்கிற இலக்கங்களை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். “இன்னும் வாசிக்க முடிகிறது. உங்கள் நல்ல காலம். இன்னொரு நிமிடம் அந்தச் சில்லில் பிடித்திருந்தால் இது அழிந்திருக்கும். பிறகு நான் பொலிசைத்தான் கூப்பிட வேண்டும்.” அந்தக் கறுப்புத்தான் ஈரத்தைத் தடுத்தது என்றும், மறுபடி கறுப்பாக்க மூன்று கிழமை வேண்டும் என்றும், இப்போதைக்குக் கறளை எடுத்து எண்ணெய் பூசித் தரலாம் என்றும் சொன்னார். கைப்பிடியின் காயத்தைத் தடவிப் பார்த்து இது எங்கே பட்டது என்று கேட்டார். சப்பாத்துக் கதையை நான் சொன்னதும் அவருக்கே சிரிப்பு வந்தது.

“காயமெல்லாம் பரவாயில்லை, ஃப்ராவ் ஸ்ரீஸ்கந்தராஜா. காவுகிற துவக்கு காவின மாதிரித்தான் இருக்கும். யாரும் இதற்குப் பரிசு கொடுக்கப் போவதில்லை. ஆனால்...” என்று இவர் பக்கம் திரும்பினார். “ஒவ்வொரு நாளும் கட்டுகிறீர்களா?”

“இல்லையில்லை” என்று நான் முந்திக்கொண்டேன். “மாதத்தில் ஒன்றிரண்டு நாள்தான்.”

இவர் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த துவக்குகளைப் பார்த்தார். லூஷர் இவரை ஒருதரம் உற்றுப் பார்த்தார். ஒரு சின்னப் போத்தல் எண்ணெயைத் தந்து, தினமும் பூசச் சொன்னார். மாதத்தில் ஒன்றிரண்டு நாள்தான் என்று இப்போதுதானே சொன்னேன், இந்த மனிதருக்குக் காது கேட்காதா என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

வியாழக்கிழமை கார் ஓட்டியது நான். இவரைத் தனியாக விட்டால் வழியில் எங்காவது இறங்கி மறுபடி தேய்ப்பார் என்ற பயம். சோதனை நடக்கிற இடம் நகரத்துக்கு வெளியே, ஒரு காட்டோரம். உள்ளே ஒரு அறையில் மேசை. அதன் முன்னால் பொலிஸ்காரி ஒருத்தி. எங்களுக்கு ஒரு மகள் இருந்தால் அந்த வயது வரும். அறைக் கதவு திறந்தே கிடந்தது. வெளியே நாற்காலியில் நான் இருந்தேன். இந்திரா அக்கா அதற்குள் இரண்டு தரம் போன் எடுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்கு வருகிறோம், எத்தனை பேருக்குச் சாப்பாடு என்று. நான் எடுக்கவில்லை. சோதனை முடியட்டும், நல்ல செய்தியோடு எடுப்போம் என்று இருந்தேன்.

எழுத்துச் சோதனை முடிந்தது. பிறகு பொலிஸ்காரி துவக்கைக் கேட்டாள். வெறுமையாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, விளக்கின் கீழே திருப்பினாள். லூஷர் கறளைச் சுரண்டி எடுத்திருந்தாலும் அது இருந்த இடம் அம்மைத் தழும்பாகத் தெரிந்தது.

“மாதத்துக்கு எத்தனை தடவை காவுகிறீர்கள்?”

“ஒரு தடவை. சில மாதம் இரண்டு.”

“இது ஒன்றிரண்டு நாள் வேர்வை இல்லை, ஹேர் ஸ்ரீஸ்கந்தராஜா. எங்களில் தினமும் கட்டுகிற ஆட்களின் துவக்குக் கூட இப்படி இல்லை.”

அவளுடைய குரலில் மிரட்டல் இல்லை. இவர் தலையைக் குனிந்துகொண்டு மேசையைப் பார்த்தார். எனக்கு எழுந்து உள்ளே போய், இவருக்கு உடம்பு சூடு, இவர் போட்டால் வெள்ளிச் சங்கிலியும் கறுக்கும் என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. எங்கள் கடையில் அப்படி எத்தனை பேரைப் பார்த்திருக்கிறோம். அரைவாசி எழும்பியும் விட்டேன்.

“கடையிலும் கட்டியிருக்கிறேன்” என்றார் இவர். “ஒவ்வொரு நாளும்.”

“உங்கள் கடைக்குள் அதற்குத் தடையில்லை. ஏன் என்று கேட்கலாமா?”

“எனக்குப் பயம்.” டொச்சில் அது இரண்டு மூன்று சொல். அதைப் பிழையில்லாமல் சொன்னார். “லோசானுக்குப் பிறகு எப்போதும் பயம். விடாமல் வேர்க்கிறது. குளிர்காலத்திலும் வேர்க்கிறது.”

“டொக்டரிடம் சொன்னீர்களா?”

“இல்லை.”

“உங்கள் மனைவிக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

நான் அங்கேதான் இருந்தேன். எட்டிக் கூப்பிட்டால் கேட்கிற தூரம். அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. அரைவாசி எழும்பிய நான் மறுபடி நாற்காலியில் இருந்துவிட்டேன்.

சுடுகிற சோதனையில் மனிதர் ஒன்றும் தவறவிடவில்லை. நகை செய்கிற கை, அது நடுங்குமா? எல்லாக் குண்டும் நடுவிலே போயிருந்தது. பொலிஸ்காரி பாராட்டினாள். பாராட்டிவிட்டு, டொக்டரின் கடிதம் ஒன்று வந்த பிறகுதான் வெளியே காவுகிற அனுமதி பற்றி முடிவு சொல்லலாம் என்றாள். அது தண்டனை இல்லை, நடைமுறை என்றாள். எப்படியும் சில கிழமைகள் ஆகும். ஞாயிற்றுக்கிழமைப் பொன்னுருக்கல் கைவிட்டுப் போய்விட்டது என்று எனக்கு அந்த இடத்திலேயே விளங்கியது.

காருக்குள் ஏறிக் கதவைச் சாத்தியதும் வெடித்தேன்.

“ஐஞ்சு வருசம்! ஐஞ்சு வருசமா ஒரு வீட்டிலை, ஒரு கடையிலை இருக்கிறன். எனக்குச் சொல்லேல்லை. ஆரோ ஒரு பெட்டைக்கு, கேட்ட உடனை சொல்லுறியள்!”

“சத்தம் போடாதையும்.”

“போடுவன்! கறளைத் தேய்ச்சுத் தேய்ச்சு அழிச்சியளே, அது பொலிசுக்கு ஒளிக்கவோ, எனக்கு ஒளிக்கவோ?”

அவர் சீற் பெல்ட்டை இழுத்துப் பூட்டினார். பொலிசுக்கு இல்லை என்று எனக்கு விளங்கியது. கையில் இருந்த கார்த் திறப்பைக் குத்தி முறுக்கினேன். கார் ஓடத் தொடங்கியது.

“தமிழிலை சொல்ல வாய் வரேல்லையோ?”

“டொச்சிலை சொன்னால் வேறை ஆரோ சொல்லுற மாதிரி இருக்கு மலர். தமிழிலை சொன்னால் என்ரை காதுக்குக் கேக்கும்.”

அதைக் கேட்டும் என் கோபம் இறங்கவில்லை. பாவம் என்றும் வந்தது, கன்னத்தில் ஒன்று போடவேண்டும் என்றும் வந்தது. “கேக்கட்டும்” என்றேன். “கறள் பிடிச்சால் பிடிக்கட்டும். அதைப் பாத்து எனக்குத் தெரிஞ்சிருந்தால் போதுமே. உங்களை ஆர் மினுங்கச் சொன்னது? கோயிலிலை நிண்டு பகிடி விடச் சொல்லி ஆர் கேட்டது?”

கொஞ்ச தூரம் போன பிறகு அவராகவே வாயைத் திறந்தார். கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு, எனக்குச் சொல்லாதது போலச் சொன்னார்.

“வெளியிலை போற நாளிலை அவ்வளவு இல்லை. ஒரு நாள்தானே எண்டு பல்லைக் கடிச்சுக்கொண்டு போட்டு வந்திடுவன். கடையிலைதான் ஏலாது. கதவு மணி அடிக்கும். திரைக்குப் பின்னாலை இருக்கிற எனக்கு ஆர் வந்ததெண்டு தெரியாது. நீர் ‘வாங்கோ’ எண்டு சொல்லுற வரைக்கும் மூச்சு வராது.”

அந்த மணி நான் தேடி வாங்கிப் பூட்டியது. அது அடிக்கும்போதெல்லாம் வியாபாரம் வந்தது என்று எனக்குப் பூரிப்பு. மழை நாளில் அது அடிக்காவிட்டால், இண்டைக்கு ஒருத்தரும் இல்லை என்று நானே திரைக்கு இந்தப் பக்கம் நின்று புலம்புவேன். அந்தப் பக்கம் இந்த மனிதர் அப்போதுதான் நிம்மதியாக மூச்சு விட்டிருக்கிறார்.

கடைக்கு வந்து சேர மதியம் ஆகிவிட்டது. “வீட்டை போங்கோ, நான் பாக்கிறன்” என்றேன். “உம்மைத் தனிய விட்டிட்டோ?” என்று என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, போய்த் தன் இடத்தில் இருந்து அரத்தை எடுத்தார். நான் திரையை ஒரு பக்கமாக இழுத்துவிட்டேன். இப்போது முன்பக்கத்தில் இருந்தே அவர் தெரிந்தார்.

மணி அடித்தது. பழக்கத்தில் என் முகம் கதவுப் பக்கம் போகப் பார்த்தது. போகவிடாமல் அவரைத் திரும்பிப் பார்த்தேன்.

அரம் கையில் இருந்து நழுவி மேசையில் கிடந்தது. வலது கை ஸ்வெற்றருக்குள், துவக்கின் பிடிக்குப் போயிருந்தது. உதடு வெளுத்து, நெற்றியிலும் மேலுதட்டிலும் வேர்வை பூத்திருந்தது. அவருடைய கண்ணுக்கு நான் தெரியவே இல்லை. கதவு மட்டும்தான் தெரிந்தது. லோசானில் சுவரோடு சாய்ந்து நின்றபோது இந்த முகத்தோடுதான் நின்றிருப்பார். வந்தது குழந்தை வண்டியோடு ஒரு இளம் பெண், தோட்டின் பின்திருகு, அந்தச் சுரை, தொலைந்துவிட்டது என்று. அதைக் கண்டதும் அவருடைய தோள் இறங்கியது. கையை வெளியே எடுத்தார், ஸ்வெற்றரில் துடைத்தார், அரத்தைப் பொறுக்கினார். நான் ஒரு ‘வாங்கோ’ சொல்கிற நேரத்துக்குள் எல்லாம் நடந்து முடிந்திருந்தது. ஒரு நாளைக்கு எத்தனை தரம் இது நடந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தேன்.

“பிள்ளை, குறை நினைக்காதையும். இண்டைக்குக் கடை பூட்டுறம். நாளைக்கு வாரும், நானே போட்டுத் தாறன்” என்று அந்தப் பெண்ணை அனுப்பிவிட்டுக் கதவைப் பூட்டினேன். கடை தொடங்கிய நாளிலிருந்து வந்த ஆளை நான் திருப்பி அனுப்பியதில்லை.

பிறகு இந்திரா அக்காவுக்குப் போன் எடுத்தேன். இவருக்குக் கேட்கத்தக்கதாக, சத்தமாகவே சொன்னேன். “அக்கா, ஞாயிற்றுக்கிழமை எங்களாலை வரேலாது. வைச்ச நாளை மாத்தேலாதுதானே, வேறை ஆரையும் பாருங்கோ. அவருக்குச் சுகமில்லை. ஓம், கனகாலமாச் சுகமில்லை.” அந்தப் பக்கத்தில் அக்கா கோபித்தார், கெஞ்சினார், மறுபடி கோபித்தார். நான் கேட்டுக்கொண்டே இவரைப் பார்த்தேன். சின்னத் தோட்டு வேலையைக் கூட இன்னொரு கடைக்கு விட மனமில்லாதவர். பாய்ந்து வந்து போனைப் பறிப்பார், நான் வாறன் என்று சொல்லும் என்று கத்துவார், இன்னும் கொஞ்சம் நேரம் கொடுத்தால் அப்படித்தான் செய்வார் என்று ஒரு ஆசையில், சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக் கதையை இழுத்தேன்.

அவர் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, நீளமாக ஒரு மூச்சு விட்டார்.